டாஸில் அவர் ஏன் அந்தப் பக்கத்தைக் கேட்கிறார்?

முதல் கேமில் நான் கவனித்து வரும் ஓர் இளம் பேட்மிண்டன் வீராங்கனையின் லிஃப்ட் பின்கோட்டைத் தாண்டி விழுந்தால் போதும், வர்ணனையில் அதே பல்லவி: பதற்றம், நிதானமில்லை, பெரிய அரங்கம் பயமுறுத்துகிறது. நான் இதை ஏற்கவே மாட்டேன். டாஸில் வென்றதும் அவர் சர்வீஸ் கேட்பதில்லை, பக்கம் கேட்கிறார். அதுவும் குளிர்சாதனக் காற்று தன் முதுகில் அடிக்கும் பக்கத்தை. தடுமாற்றத்தை அவர் தெரிந்தே முன்கூட்டி வாங்கிக்கொள்கிறார்.

ஷட்டிலின் எடை அதிகபட்சம் 5.50 கிராம். 16 இறகுகளும் காற்றைப் பிடித்து அதன் வேகத்தைச் சட்டென்று கொன்றுவிடும். ஸ்மாஷ் கண்ணிமைக்கும் நேரத்தில் தரைக்கு வந்துவிடுவதால் அதைக் காற்று பெரிதாக அசைப்பதில்லை. உயரப் போகும் கிளியரும் லிஃப்டும்தான் சிக்கிக்கொள்ளும். மேலே வேகம் செத்துத் திரும்பும் அந்த நேரத்தில் டிரிஃப்ட், அதாவது அரங்கக் காற்றின் இழுப்பு, அதை ஓர் அடி தள்ளினாலும் அவுட். காற்றை எதிர்கொண்டு ஆடுபவர் கையை முழுதாக வீசலாம். காற்றை முதுகில் வைத்திருப்பவர் ஒவ்வொரு அடியிலும் கையைக் கட்டிக்கொண்டு ஆட வேண்டும். அதனால்தான் சிலர் எதிர்காற்றுப் பக்கத்தை முதலில் பிடித்துக்கொள்கிறார்கள்.

இவர் கணக்கு வேறு. மூன்றாவது கேம் வந்தால், முதல் கேம் தொடங்கிய பக்கத்திலேயே அதுவும் தொடங்கும். ஒருவர் 11-ஐத் தொட்டதும் பக்கம் மாறும். கால்கள் கனத்து, மூச்சு வாங்கி, கை தானாக நீளும் அந்தக் கடைசிப் புள்ளிகளில் எதிர்காற்றுப் பக்கம் இவரிடம் இருக்கும். எதிராளியோ அப்போதுதான் களைத்த கையோடு அளந்து அடிக்க வேண்டியிருக்கும்.

முதல் கேமில் அவர் லிஃப்டைக் குறைத்து, வலையோரம் தொட்டுத் தொட்டு ஆடுவதைக் 'கோழைத்தனம்' என்றே ஒருவர் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. காற்றைப் படித்தவர் ஆடும் ஆட்டம் அது.

நம் ஊர்க் கூடங்களில் மின்விசிறியை நிறுத்தி, சன்னலைச் சாத்தி, வியர்வை ஒழுக ஷட்டில் ஆடுகிறோம். அசையாத காற்றில் வளர்ந்த பிள்ளைகள் குளிரூட்டிய அரங்கில் முதல் சுற்றிலேயே திகைப்பதில் வியப்பில்லை. இது மாறும் என்று நினைக்கிறேன். இன்னும் சில ஆண்டுகளில் பயிற்சியாளர்கள் வேண்டுமென்றே காற்றை ஓடவிட்டுப் பயிற்சி தருவார்கள். டாஸில் இவரைப் போல இந்தப் பக்கத்தைக் கேட்பது வழக்கமாகவே ஆகிவிடும். அதற்கு முன்பே இந்தப் பெண் டிரிஃப்ட் அதிகமுள்ள ஏதோ ஒரு பெரிய அரங்கில், மூன்றாவது கேமில் பின்தங்கிய நிலையில் 11-ல் பக்கம் மாறி, பட்டத்தைத் தூக்குவார்.

அடுத்த முறை அவர் ஆடும்போது டாஸிலிருந்தே பாருங்கள். முதல் கேம் போய்விட்டதென்று டிவியை அணைத்துவிடாதீர்கள்.