பாயிரத்தில் இடமில்லாத ஐந்தாமவர்

ஒரு நூலைப் பற்றிப் பேசத் தகுந்தவர் யார் என்ற கேள்விக்குப் பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டிலேயே விடை எழுதிவைத்தார். நூலுக்கு முன்னுரையான சிறப்புப்பாயிரம் தருவதற்கு உரியவர்கள் என அவருடைய நன்னூல் நான்கு பேரைக் காட்டுகிறது. நூலாசிரியருக்குக் கற்பித்தவர், அவரோடு உடன் படித்தவர், அவரிடம் படித்தவர், நூலுக்கு உரை எழுதியவர். நால்வரும் நூலாசிரியரின் வட்டத்துக்குள் இருப்பவர்கள். இரவல் வாங்கியோ காசு கொடுத்தோ படித்த வாசகர் அந்த வரிசையில் இல்லை. நூல் ஏட்டில் இருந்த காலம் அது. பவணந்தியைக் குறை சொல்ல நியாயமில்லை. ஆனால் அச்சு வந்து, பொது நூலகம் வந்து, வடசென்னையின் ஆலைப் பகுதியான மணலியில் நைட் ஷிப்டு முடித்து வீடு திரும்புபவரின் பையிலும் புத்தகம் வந்து சேர்ந்த பிறகும் அந்த வரிசை அப்படியே நிற்கிறது. அணிந்துரை தருபவர் மூத்தவர், வெளியீட்டு விழாவில் முதல் பிரதி பெறுபவர் தோழர், பத்திரிகையில் மதிப்புரை எழுதுபவர் பெரும்பாலும் இன்னொரு எழுத்தாளர். ஐந்தாமவருக்கு இன்னும் இடம் போடவில்லை.

அதே நன்னூல்தான் நூலுக்குப் பத்துக் குற்றங்களையும் பத்து அழகுகளையும் வகுத்துக் கொடுத்தது. குறைத்துச் சொல்வது, மிகையாகச் சொல்வது, சொன்னதையே சொல்வது, முன்னுக்குப் பின் முரண்படுவது, எடுத்த பொருளை விட்டு வேறொன்றை விரிப்பது, போகப் போகத் தேய்ந்து முடிவது எனப் போகும் பட்டியலின் கடைசிக் குற்றம், சொற்கள் நிறைந்திருந்தும் பயன் இல்லாமல் போவது. இது காவியத்துக்கு மட்டுமான அளவுகோல் அல்ல. சமையல் நூலுக்கும் சட்டக் கையேட்டுக்கும் வெல்டிங் பாடநூலுக்கும் பொருந்தும். முதல் ஒன்பது குற்றங்களை, நூலைப் படித்தவர் எவரும் கண்டுபிடித்துவிடலாம். பத்தாவதைக் கண்டுபிடிக்க அந்த நூலை வைத்து வேலை செய்து பார்த்தவர் வேண்டும். தமிழ் மதிப்புரை உலகம் இழந்து நிற்பது அவரைத்தான்.

மணலிக்கும் நூல் மதிப்பீட்டுக்கும் உள்ள உறவு ஆலைகளைவிடப் பழையது. சீர்காழி அருணாசலக் கவிராயரின் (1711–1779) இராம நாடகக் கீர்த்தனை திருவரங்கத்தில் அரங்கேறியது. அவரை ஆதரித்த வள்ளல் மணலி முத்துக்கிருஷ்ண முதலியார். ஆளுநர் பிகட்டின் துபாஷியாக இருந்தவர், பூக்கடை சென்னகேசவப் பெருமாள் கோயில் எழும்பக் காரணமானவர். அரங்கேற்றம் என்பது அன்றைய மதிப்புரை. கற்றோர் கூடி, கேள்வி கேட்டு, தடை எழுப்பி, விடை பெற்று, பிறகு நூலை ஏற்றார்கள். வள்ளல் பொன் கொடுத்தார். வள்ளலின் தலையசைப்பும் புலவர் சபையின் ஒப்புதலும் சேர்ந்தே ஒரு நூலின் விதியை எழுதின. ஆனால் அந்தக் கீர்த்தனைகளை இன்றுவரை காப்பாற்றியவர்கள் பாடியவர்களும் கதாகாலட்சேபம் கேட்டவர்களும்தான்.

அடுத்த நூற்றாண்டில் அச்சு பரவியதும் சபை தெருவுக்கு வந்தது. ஏழுகிணற்றில் குடியிருந்து திருவொற்றியூருக்கு நடந்து நடந்து தியாகேசரையும் வடிவுடையம்மனையும் பாடிய இராமலிங்க அடிகளின் பாடல்கள், தொழுவூர் வேலாயுத முதலியாரின் முயற்சியில் 1867இல் திருவருட்பா என்று அச்சேறின. இரண்டே ஆண்டில் ஆறுமுக நாவலரின் தரப்பு ‘போலியருட்பா மறுப்பு’ என்று கண்டன நூல் வெளியிட்டது. மறுப்புக்கு மறுப்பு, அதற்கு மறுப்பு என்று துண்டுப் பிரசுரங்கள் பல்கின. விவகாரம் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போனது. அந்தக் கண்டனங்களைத் திரட்டி ஆய்வாளர் ப. சரவணன் பதிப்பித்திருக்கிறார். அவற்றைப் படிக்கும்போது, இலக்கணமும் சமய அதிகாரமும் பேசப்பட்ட அளவுக்கு அந்தப் பாட்டு பக்தருக்கு என்ன செய்தது என்பது பேசப்படவில்லை என்றே தோன்றுகிறது. அதற்கான பதிலைத் திருவொற்றியூர்க் கோயிலில் பாடியவர்கள் பாடியே சொல்லிவிட்டார்கள். அது எந்தக் கண்டனத் திரட்டிலும் ஏறாத மதிப்புரை.

20ஆம் நூற்றாண்டின் கதை பலருக்கும் தெரிந்ததுதான். புதுமைப்பித்தன் தினமணியில் மதிப்புரைகள் எழுதினார். க.நா.சுப்ரமண்யம் ‘படித்திருக்கிறீர்களா?’ என்று தலைப்பிலேயே வாசகரை நோக்கிக் கேட்டார். நல்ல புத்தகம் ஒன்று கவனிப்பாரற்றுக் கிடப்பதைப் பொறுக்காத மனம் அவருடையது. பட்டியல் போடுகிறார் என்று பலர் சலித்துக்கொண்டாலும், அந்தப் பட்டியல்களைக் கையில் வைத்துக்கொண்டு நூலகம் நூலகமாக அலைந்த தலைமுறை ஒன்று உண்டு. 1959இல் சி.சு. செல்லப்பா தொடங்கிய ‘எழுத்து’ விமர்சனத்துக்கென்றே பக்கங்களை ஒதுக்கியது.

இந்த வரிசையில் எனக்கு மிக நெருக்கமானவர் தி.க.சி. ‘தாமரை’ இதழை நடத்திய அவர், பின்னாளில் திருநெல்வேலியில் இருந்தபடி, படித்த ஒவ்வொன்றுக்கும் தபால் அட்டையில் கருத்து எழுதி அனுப்பினார். பெயர் தெரியாத ஊரிலிருந்து முதல் கதை எழுதிய இளைஞருக்கும் அட்டை போகும். அந்தச் சின்ன இடத்தில் பாராட்டும் திருத்தமும் ஒரு வேண்டுகோளும் அடங்கிவிடும். 2000ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாதமி விருது அவருடைய ‘விமர்சனங்கள், மதிப்புரைகள், பேட்டிகள்’ தொகுப்புக்குக் கிடைத்தது. ஒரு மதிப்புரைத் தொகுப்பை இந்திய இலக்கியத்தின் உயர்ந்த விருதுகளில் ஒன்று தேடிவந்தது சிறிய செய்தி அல்ல. தமிழில் மதிப்புரைக்கும் இலக்கியத் தகுதி உண்டு என்பதற்கு அதுவே சாட்சி.

வாசகர்களே கூடித் தீர்ப்பு சொன்ன முறையும் நம்மிடம் உண்டு. 1970இல் சென்னையில் தொடங்கிய ‘இலக்கியச் சிந்தனை’ அமைப்பில், மாதம் ஒருவர் அந்த மாதத்து இதழ்களின் சிறுகதைகளை எல்லாம் படித்து, ஒன்றைத் தேர்ந்து, கூட்டத்தில் காரணம் சொல்வார். தேர்ந்தெடுப்பவர் புகழ்பெற்ற விமர்சகராக இருக்க வேண்டியதில்லை. ஆண்டு முடிவில் பன்னிரண்டில் ஒன்றைச் சிறந்ததாக வேறொருவர் தேர்வு செய்வார். எளிமையான, நேர்மையான ஏற்பாடு. குறை ஒன்றே: அந்த மாதத் தேர்வு சிறுகதையோடு நின்றது.

நம் மதிப்புரை மரபின் அடிப்படைக் கோணலும் அதுதான். கதை, கவிதை, நாவல் என்றால் பத்துப் பேர் எழுத முன்வருகிறார்கள். உடல்நலம், தொழில்நுட்பம், சட்டம், வேளாண்மை, கணக்கு, தேர்வு வழிகாட்டி என்றால் இதழ்கள் ‘வரப்பெற்றோம்’ பட்டியலில் பெயர், விலை, பதிப்பகம் மூன்றையும் போட்டு முடித்துவிடுகின்றன. மதிப்புரைக்கு இரண்டு பிரதிகள் அனுப்பச் சொல்லும் இதழ், அந்தப் பிரதியை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் அலமாரியில் வைக்கிறது. பத்திரிகைகள் இப்போது புத்தகங்களுக்கு வாரம் ஒரு பக்கம் தருகின்றன. தினமணியின் ‘நூல் அரங்கம்’, இந்து தமிழ் திசையின் ‘நூல் வெளி’ இரண்டும் நல்ல முயற்சிகள். பாரதி புத்தகாலயத்தின் ‘புத்தகம் பேசுது’ முழு இதழையே புத்தகங்களுக்குக் கொடுக்கிறது. ஆனாலும் பல குறுமதிப்புரைகள் பின்னட்டையில் இருப்பதைச் சற்றே மாற்றி எழுதியவையாகவே இருக்கின்றன. நூலை முழுதாகப் படித்த சுவடு தெரிவதில்லை.

எந்தப் பொருளாயினும் மக்கள் படித்தார்கள் என்பதற்கு வடசென்னையே சான்று. 1950களிலும் 60களிலும் தெருமுனைப் படிப்பகங்களில் ஒருவர் உரக்கப் படிக்கப் பலர் கேட்டார்கள். திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் அசோக் லேலண்ட், என்ஃபீல்டு, எம்.ஆர்.எஃப். ஆலைகள் எழுந்தன. 1965இல் உருவான மெட்ராஸ் ரிஃபைனரீஸ், அடுத்த ஆண்டே உருவான மெட்ராஸ் பெர்டிலைசர்ஸ் இரண்டும் மணலியை ரசாயன நகரமாக்கின. பல மாவட்டங்களிலிருந்து ஐ.டி.ஐ.யும் டிப்ளமாவும் முடித்தவர்கள் குடிவந்தார்கள். அந்த ஆண்டுகளில்தான் நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் மூலம் சோவியத் நூல்கள் மலிவு விலையில் தமிழில் கிடைத்தன. ரகுநாதன் மொழிபெயர்த்த கார்க்கியின் ‘தாய்’ இருந்த அதே மேசையில் பெரல்மானின் ‘பொழுதுபோக்கு பௌதிகம்’ இருந்தது. தொழிலாளி இரண்டையும் எடுத்துப்போனார். ‘தாய்’ பற்றித் தமிழில் எழுதப்பட்டவை ஏராளம். பெரல்மானைப் படித்து இயந்திரத்தைப் புரிந்துகொண்டவர்கள் எழுதிய பக்கங்கள் எங்கே? எழுதியிருந்தால், அறிவியலைத் தமிழில் எப்படிச் சொன்னால் கைக்கு எட்டும் என்பதற்கு நமக்கு ஒரு பெரிய ஆவணம் கிடைத்திருக்கும்.

பயன்படுத்தியவரின் மதிப்புரை எப்படி இருக்கும்? மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ 1951இல் வந்தது. கல்யாணச் சீராகவே கொடுக்கப்பட்ட நூல். அதன் பழைய பதிப்பை வைத்துச் சமைத்த ஒருவர், ஆழாக்கையும் பலத்தையும் கிராமுக்கு மாற்றும்போது எங்கே உப்புக் கூடுகிறது, விறகடுப்புக்குச் சொன்ன நேரம் கேஸ் அடுப்பில் எவ்வளவு குறைகிறது என்று எழுதினால், அது எந்த இலக்கிய விமர்சகராலும் தர முடியாத மதிப்புரை. நூலின் பெருமையும் அதில்தான் சரியாகத் தெரியும்; பெயரே செய்துபார்க்கச் சொல்கிற நூலுக்கு வேறு சோதனை கிடையாது.

தொழிலாளர் சட்டக் கையேட்டை எடுத்துக்கொள்வோம். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொகுப்புகள் என்று பிரிவு எண்களை அடுக்கும் நூல்கள் பல உண்டு. மணலி ஆலை ஒன்றில் கான்ட்ராக்டில் வேலை செய்பவருக்குத் தேவையானது வேறு. பி.எஃப். பணம் கட்டப்பட்டதா என்று எப்படிப் பார்ப்பது, ஒப்பந்தக்காரர் மாறினால் பணிக்காலம் எப்படிக் கணக்காகும், விபத்து நடந்தால் முதல் தாள் எங்கே போக வேண்டும் என்பவை. கையேடு இதற்கெல்லாம் வழிகாட்டுகிறதா இல்லையா என்று அவர் அரைப் பக்கம் எழுதினால் அடுத்த பதிப்பு திருந்தும். திருந்தாவிட்டால், அடுத்தவர் அந்த நூலுக்குக் காசு கொடுக்க மாட்டார்.

நாவலுக்கும் இந்தக் கண் வேண்டும். 2013இல் சாகித்ய அகாதமி விருது பெற்ற ஜோ டி குரூஸின் ‘கொற்கை’யைக் கதைமாந்தர், மொழி, சாதி வரலாறு என்ற கோணங்களில் விமர்சகர்கள் அலசினார்கள், நல்ல அலசல்கள். ராயபுரத்தில் கப்பல் சரக்கு ஏற்றி இறக்கிய ஒருவர், தோணி வணிகத்தின் நுணுக்கம் அந்நூலில் எவ்வளவு சரியாக இருக்கிறது என்று எழுதியதை நான் பார்த்ததில்லை. கரன் கார்க்கியின் ‘கறுப்பர் நகரம்’ போன்ற வடசென்னை நாவல்களுக்கும் இதுவே நிலை. யாருடைய வாழ்க்கை நூலில் இருக்கிறதோ அவருடைய சொல் நூலைப் பற்றிய பேச்சில் இல்லை.

சூழல் நூல்களில் இந்தக் குறை இன்னும் கடுமையாகத் தைக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு எண்ணெய் பக்கிங்காம் கால்வாயில் இறங்கிக் கொசஸ்தலை முகத்துவாரம் வரை படர்ந்தது. அதே மாதம் 26ஆம் தேதி இரவு பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து மக்கள் வீட்டை விட்டு ஓடினார்கள். மாசு பற்றியும் கடலோரச் சட்டம் பற்றியும் தமிழில் வரும் நூல்களை அந்த இரவில் ஓடியவர்கள் மதிப்பிட வேண்டும். கடலோர ஒழுங்குமுறை அறிவிப்பை விளக்கும் நூல் தன் குப்பத்துக் கரையை எந்த வகையில் சேர்க்கிறது, முறையிட வேண்டிய இடத்தைச் சொல்கிறதா என்று மீனவப் பெண் ஒருவர் கேட்கும் கேள்விக்கு நூலாசிரியர் பதில் சொல்லியாக வேண்டும்.

எல்லாத் துறை நூல்களையும் ஒரே கண்ணோடு பார்த்த முயற்சிகள் அரிது என்றாலும் இல்லாமல் இல்லை. இங்கிலாந்தில் வாழும் என். செல்வராஜா 2002 முதல் வெளியிட்டுவரும் ‘நூல்தேட்டம்’ தொகுதிகள் ஒவ்வொன்றும் ஆயிரம் ஈழத்து நூல்களைக் குறிப்போடு பதிவுசெய்கின்றன. கவிதையும் பாடநூலும் கோயில் மலரும் அங்கே ஒரே மரியாதையோடு இடம்பெறுகின்றன. யாழ்ப்பாண நூலகம் 1981இல் எரிந்ததைக் கண்ட சமூகத்துக்குத்தான் எந்த நூலும் சிறியதல்ல என்று தெரிந்திருக்கிறது. டில்லியில் 1976இல் தொடங்கிய ஆங்கில இதழ் ‘தி புக் ரிவ்யூ’ வரலாறு, பொருளாதாரம், சூழல் என்று துறை தெரிந்தவர்களிடம் நூல்களைக் கொடுத்து எழுதவைக்கிறது. நாம் இன்னும் ஒரு படி மேலே போகலாம். துறை அறிந்தவரோடு, அந்தத் துறையில் உழைப்பவரையும் எழுதவைக்கலாம்.

அதற்கு ஏற்பாடு புதிதாக வேண்டியதில்லை. சுதந்திர இந்தியாவில் முதன்முதலில் பொது நூலகச் சட்டம் கண்டது 1948இல் நம் மாநிலம்தான்; எஸ்.ஆர். ரங்கநாதன் ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்று விதி வகுத்ததும் இந்த மண்ணில்தான். சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். நூலகங்களில் வாசகர் வட்டங்கள் இருக்கின்றன. பல வட்டங்கள் விழா எடுப்பதோடும் சொற்பொழிவு கேட்பதோடும் நின்றுவிடுகின்றன. போட்டித் தேர்வுக்குப் படிக்க வரும் இளைஞர்கள் இன்று நூலகங்களை நிறைக்கிறார்கள். எந்த வழிகாட்டியில் விடைகள் பிழை, எதில் பழைய புள்ளிவிவரம் என்று அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதைக் கேட்டால், தமிழின் கறாரான மதிப்புரையாளர்கள் அவர்கள்தான் என்று சொல்லத் தோன்றும். ஒருவரும் அவர்களிடம் எழுதக் கேட்டதில்லை.

வாசகர் வட்டப் பொறுப்பாளர்களே, அடுத்த கூட்டத்தில் உறுப்பினருக்கு ஒரு நூலும் ஒரு தாளும் கொடுங்கள். நூலை எதற்காக எடுத்தார், அது கைகொடுத்ததா, எந்தப் பக்கத்தில் தடுக்கியது என்ற மூன்றுக்கும் அவர் பேசும் தமிழிலேயே விடை எழுதட்டும். இதழாசிரியர்களே, மாதம் ஒரு பக்கத்தை அந்தத் தாள்களுக்கு ஒதுக்குங்கள். எழுதியவர் பெயரோடு அவர் செய்யும் வேலையையும் அச்சிடுங்கள். படித்த நூலைப் பற்றி இதுவரை எழுதாத வாசகர்களே, உங்கள் முதல் மதிப்புரை ஒரு தபால் அட்டை அளவுக்கு இருந்தால் போதும். இந்த வாரமே எழுதி அனுப்புங்கள்.