குதிகால் சொல்லும் அளவு

பனியன் எடுக்கும்போது 85-ஆ, 90-ஆ என்று கேட்டு எடுக்கிற ஊர் திருப்பூர். ஐந்து சென்டிமீட்டர் என்ன செய்யும் என்று அங்கே தையல் மெஷினில் உட்காரும் எல்லோருக்கும் தெரியும். சைக்கிள் சீட்டின் உயரத்துக்கும் அப்படி ஓர் அளவு உண்டு.

இரண்டு காலும் தரையில் பதிய வேண்டும் என்று பலர் சீட்டைத் தாழ்த்தி வைக்கிறார்கள். மிதிக்கும்போது முட்டி அதிகமாக மடங்குகிறது. பாரமெல்லாம் முட்டிச் சில்லில் இறங்குகிறது. சீட்டு மிக உயர்ந்தாலோ இடுப்பு இருபுறமும் ஆடும், முட்டியின் பின்புறம் இழுக்கும்.

சரிபார்ப்பது சுலபம். சுவரைப் பிடித்தபடி சீட்டில் உட்காருங்கள். பெடலைக் கீழே இறக்கிக் குதிகாலை அதில் வையுங்கள். இடுப்பு சாயாமல் கால் நேராக நீள வேண்டும். பிறகு முன்பாதத்தை வைத்தால் முட்டி லேசாக மடங்கும். அதுதான் உங்கள் சீட்டின் உயரம். 1967-இல் ஹாம்லி, தாமஸ் என்ற ஆய்வாளர்கள் கவட்டிலிருந்து தரை வரையிலான கால் நீளத்தில் 109 சதவீதம் என்று கணக்குச் சொன்னார்கள். கால் 80 சென்டிமீட்டர் என்றால், கீழிறங்கிய பெடலிலிருந்து சீட்டின் மேல்மட்டம் வரை சுமார் 87. இதைத் தொடக்கமாக வைத்துக்கொண்டு, உடம்பு கேட்கிறபடி சிறிது சிறிதாக மாற்றலாம்.

அரசின் விலையில்லா சைக்கிளில் போகும் பிளஸ் ஒன் பிள்ளைகள் வளர்கிற வயதில் இருப்பவர்கள். அவர்கள் சீட்டை அவ்வப்போது உயர்த்திக் கொடுங்கள். தண்டில் உள்ள எல்லைக் கோடு மட்டும் வெளியே தெரியக் கூடாது. ஒரு ஸ்பானரும் ஐந்து நிமிடமும் போதும். அளவு பொருந்திய சைக்கிளில் அதே தூரம் அலுப்பில்லாமல் கடந்துவிடும்.