சாவின் கிழமை

"வெயிலேறுனா புத்தி கலங்கிப் போயிருமுங்க." தினசரியில் தற்கொலைச் செய்தி வரும்போது ஆனைமலை டீக்கடைகளில் நான் கேட்டிருக்கிற விளக்கம் இது. ஐரோப்பாவிலும் இதைத்தான் சொன்னார்கள். 1879இல் மோர்செல்லி வெப்பத்தைக் காரணமாக்கினார். 1897இல் எமில் துர்கெய்ம் மறுத்தார்: தற்கொலைகள் ஜனவரியிலிருந்து ஏறி ஜூனுக்குப் பின் இறங்குவது வெப்பத்தால் அல்ல. பகல் நீள்கிறது, கூடவே சமூக இயக்கமும் கூடுகிறது. ஆக, பொழுது வெறும் இயற்கை இல்லை.

தமிழ் படித்தவனுக்கு இங்கே முதற்பொருள் ஞாபகம் வரும்: நிலமும் பொழுதும். (திணையை எதற்கும் பொருத்திவிடுகிற வழக்கத்தில் எனக்கு உடன்பாடில்லை. ஒரு கேள்விக்காக மட்டும்.) அந்தப் பொழுது யாருடையது?

துர்கெய்ம் சறுக்குவது இங்கேதான். வார இறுதியில் ஆண்களின் தற்கொலை குறைகிறது. ஞாயிறன்று மொத்தத்தில் பெண்களின் பங்கு கூடுகிறது. இந்தக் கணக்கு அவர் கையிலேயே இருந்தது. அன்றைக்குத்தான் பெண்கள் வீட்டைவிட்டுப் பொதுவாழ்வில் கலக்கிறார்கள் என்று விளக்கிவிட்டுப் போய்விடுகிறார். ஞாயிறு யாருக்கு ஓய்வு? ஆம்பளைகள் வீட்டில் இருக்கிற நாளில் அடுப்படி என்ன பாடுபடும் என்பது சமூகவியலின் தந்தைக்குத் தோன்றவேயில்லை.

மாணவர் சாவுக்கு நம்மிடம் ஒரு தேதி உண்டு: ரிசல்ட் நாள். தேதி தெரிந்ததால் அதில் கைவைக்கவும் முடிந்தது. தோற்றவர்கள் ஒரு வருஷம் காத்திராமல் எழுதத் துணைத்தேர்வு வந்தது. இதற்காக சென்னையின் ஸ்நேகா அமைப்பு பேசியது. 2017இல் தமிழக அரசு ரேங்க் அறிவிப்பை நிறுத்தியது. தென்னை விவசாயிக்கு அப்படி ஒரே நாள் கிடையாது. நாற்பத்தைந்து நாளுக்கொரு வெட்டு, மரம் மரமாய்ப் பரவும் வாடல் நோய். நஷ்டம் தவணையில் வருகிறது.

இல்லத்தரசிக்கோ அந்தத் தவணைகூட இல்லை. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2021 கணக்கில் தற்கொலைகள் 1,64,033. மாணவர்கள் 13,089, இல்லத்தரசிகள் 23,179. தலையங்கம் யாருக்கு எழுதப்பட்டது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. காரணங்களில் முதலிடம் 'குடும்பப் பிரச்சினை', மூன்றில் ஒரு பங்கு. குடும்பத்தைப் பிரச்சினையாக்காமலே இப்படி எழுதிவிட முடிகிறது. எந்தக் கிழமை, எந்த நேரம் என்று கேட்டால்தான் இந்தச் சொல்லாடல் உடையும். காவல்நிலையப் பதிவில் தேதியும் மணியும் இருக்கின்றன. ஆண், பெண் பிரித்து, கிழமைவாரியாக அடுக்கிப் பார்க்கலாம். வியாழன் பொள்ளாச்சிச் சந்தை, ஞாயிறு கறிச்சோறு. இந்த இரண்டு நாளில் தொடங்கலாம்.