குக்கர் வெயிட்டும் ஹால் டிக்கெட்டும்

“பொண்ணு எந்த ஸ்கூல்?” என்று யாராவது என்னைக் கேட்டுவிட்டால் போதும், அன்றைக்கு அவர் சீக்கிரம் வீடு போய்ச் சேர மாட்டார். “வீட்டிலேயே படிக்கிறா” என்று ஆரம்பிப்பேன், அப்புறம் எனக்கு நிறுத்தத் தெரியாது. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் ரசத்துக்கு வருவதற்குள், தேசியத் திறந்தநிலைப் பள்ளி என்று ஒன்று 1989இலிருந்து இருக்கிறது, பத்தாவது எழுத 14 வயது முடிந்திருந்தால் போதும், மேல் வயது வரம்பே கிடையாது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம் ஆகியிருக்கும். என் வீட்டுக்காரர் பக்கத்திலிருந்து “போதும்மா, அவரைச் சாப்பிட விடு” என்பார். எப்படிங்க விட முடியும்? இவ்வளவு நல்ல விஷயத்தைத் தெரிந்து வைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டு அப்பளம் நொறுக்க என்னால் ஆகாது!

நீங்களே கற்பனை பண்ணிப் பாருங்கள். பன்னிரண்டாம் வகுப்பு. ஐந்து பாடம், அதில் ஒன்றாவது மொழிப்பாடம். மற்றதெல்லாம் உங்கள் பிள்ளையின் இஷ்டம். என் மகள் கணக்கு, இயற்பியல், வேதியியல், ஆங்கிலம் எடுத்தாள், கூடவே ஓவியமும் எடுத்தாள். ஆமாம், இயற்பியலுக்குப் பக்கத்திலேயே ஓவியம்! “சயன்ஸ் குரூப்பா, ஆர்ட்ஸ் குரூப்பா?” என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் இப்போது பாடங்களுக்குப் பெயரே கிடையாது, எண்தான். 311 என்றால் கணக்கு, 312 இயற்பியல், 313 வேதியியல், 332 ஓவியம். “அம்மா, 313 நோட்டைப் பாத்தியா?” என்று அவள் கத்தினால், “332க்கு அடியில இருக்கு” என்று அடுப்படியிலிருந்து பதில் போகும். ஐந்தையும் ஒரே மூச்சில் எழுத வேண்டும் என்றும் இல்லை. ஏப்ரலில் கொஞ்சம், அக்டோபரில் கொஞ்சம், ஐந்து வருடத்துக்குள் ஒன்பது முறை வரைக்கும் வாய்ப்பு. இதை முதன்முதலில் விதிமுறைப் புத்தகத்தில் படித்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. எழுந்துபோய் இன்னொரு தரம் படித்துவிட்டு வந்து படுத்தேன்.

வீட்டுப் படிப்பு என்றால் காலை ஒன்பதிலிருந்து நான்கு வரை அம்மா கையில் குச்சியோடு நிற்பாள் என்று நினைத்துவிடாதீர்கள். பாதிப் பாடம் எங்கே நடக்கிறது என்று சொல்லட்டுமா? ஒருநாள் துவரம்பருப்பு வேகவைக்கப் போகிறேன், குக்கர் வெயிட்டைக் காணோம். இங்கே தேடி, அங்கே தேடி, கடைசியில் பார்த்தால் மகள் அதைச் சமையல் தராசில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். 90 கிராம். பக்கத்தில் குக்கர் மூடி, கையில் வெர்னியர் காலிப்பர். ஆவி வரும் குழாயின் துளைக்கு அதன் மூக்கை நுழைத்து அளக்கிறாள், 3.4 மில்லிமீட்டர். என் அத்தை வாசற்படியில் நின்று “பருப்பு எப்ப வேகும் கண்ணு?” என்று கேட்க, “இரு பாட்டி, அதைத்தான் கணக்குப் போடறேன்” என்கிறாள்! துளையின் பரப்பு ஒரு சதுர சென்டிமீட்டரில் பதினொன்றில் ஒரு பங்குதான். அந்தச் சின்ன ஓட்டையின் மேல் 90 கிராம் உட்கார்ந்தால், சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோ அழுத்தம். வெளிக்காற்றின் அழுத்தத்தையும் சேர்த்தால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, அந்த அழுத்தத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது, 120 வரைக்கும் போகும், அதனால்தான் பாட்டி, பருப்பு சீக்கிரம் வேகுது! சொல்லி முடித்துவிட்டு வெயிட்டைத் துடைத்து என் கையில் கொடுத்தாள் பாருங்கள், நான் அதை ஏதோ பதக்கம் மாதிரி வாங்கிக்கொண்டு அப்படியே நின்றேன். தினமும் காலையில் நான் தொடுகிற சாமான், அதற்குள் இத்தனை இயற்பியலா! அன்றைக்குச் சாம்பார் ஒரு மணி நேரம் தாமதம். ஒருத்தர் முகம் சுளிக்கவில்லை. அத்தை அடுத்த வீட்டு மாமியிடம் போய் 120 டிகிரியைப் பற்றிச் சொல்லிவிட்டு வந்தார்.

அத்தை என்றதும் காவலூர் ஞாபகம் வருகிறது. ஐயோ, காவலூர்! ஜவ்வாது மலையில், ஆலங்காயம் தாண்டி வைணு பாப்பு வான் ஆய்வகம். 2.34 மீட்டர் விட்டமுள்ள பெரிய தொலைநோக்கி 1986இலிருந்து அங்கே இருக்கிறது. சனிக்கிழமைகளில் பொதுமக்களை அனுமதிக்கிறார்கள். தை பிறந்ததும் ஒரு சனிக்கிழமை குடும்பத்தோடு கிளம்பினோம், புளியோதரை, தயிர்சாதம், கம்பளி, அத்தை, எல்லாம். இருட்டியதும் வரிசையில் நின்று, பார்வையாளர்களுக்கான சின்னத் தொலைநோக்கியில் ஒவ்வொருவராகக் கண்ணை வைத்தோம். சனி! வளையத்தோடு! படத்தில் ஆயிரம் முறை பார்த்ததுதான், ஆனால் நேரில் அந்தக் குட்டி வெளிச்சம் நடுங்கிக்கொண்டு, பக்கத்தில் வளையத்தோடு நிற்கும்போது ‘நிஜமாகவே இருக்கிறதே’ என்று தோன்றுகிறது பாருங்கள், அதற்கு எதுவும் ஈடில்லை. வாராவாரம் எள் தீபம் போட்டு நவக்கிரகம் சுற்றுகிற அத்தை கண்ணை எடுக்கவே மாட்டேன் என்கிறார். “ஏண்டி, இவருதானா? நல்லா வளையல் போட்டிருக்காரே!” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். 1977 மார்ச்சில் யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்துக் கடந்தபோது அந்த நட்சத்திர ஒளி விட்டுவிட்டு மங்கியது, அதிலிருந்துதான் யுரேனஸுக்கும் வளையம் உண்டு என்று தெரிந்தது, அந்த ஒளி மங்கலை இதே மலையிலிருந்த 1 மீட்டர் தொலைநோக்கியும் பதிவுசெய்தது என்பதை இறங்கி வரும் வழியெல்லாம் மகள் பாட்டிக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள். வாணியம்பாடி வருவதற்குள் அவளுக்கு அடுத்த கேள்வி வந்துவிட்டது, “வளையம் ஏன்மா உள்ள விழல?” மறுநாளிலிருந்து எங்கள் வீட்டில் கெப்ளர்தான். வளையம் ஒரே தட்டு இல்லை, கோடிக்கணக்கான பனித்துண்டுகள், ஒவ்வொன்றும் தனியாகச் சுற்றுகிறது, உள்வட்டத்தில் இருப்பது வெளிவட்டத்தைவிட வேகமாகப் போகிறது. அதை அவள் ஓவியப் பாடத்துக்காக வாட்டர் கலரில் வரைந்தும் வைத்தாள். 312ஐயும் 332ஐயும் சேர்த்து எடுத்தது எவ்வளவு சரி!

அந்தப் பயணத்துக்குப் பிறகுதான் கல்லூரித் திட்டம் சூடு பிடித்தது. எங்கள் ஸ்டோர் ரூம் கதவின் உள்பக்கத்தை நீங்கள் வந்து பார்க்க வேண்டும்! பழைய காலண்டர் தாள்களைத் திருப்பி ஒட்டி, மகளும் நானும் எழுதியது. சிறுசேரியில் சென்னைக் கணிதவியல் நிறுவனம் பச்சை மையில். அதன் நுழைவுத் தேர்வில் விடையை மட்டும் சொன்னால் போதாது, நிரூபித்துக் காட்டவும் வேண்டும். பழைய வினாத்தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு ஒரே கணக்கில் இரண்டு நாள் உட்கார்ந்திருப்பாள், நான் வெங்காயம் உரித்துக்கொண்டே வேடிக்கை பார்ப்பேன். அடுத்து நீல மையில் ஐ.ஐ.டி. மெட்ராஸின் டேட்டா சயன்ஸ் பட்டப்படிப்பு. 2020இல் அறிவித்தது. ஜே.இ.இ. கிடையாது, நான்கு வாரம் பாடம் படித்துவிட்டு அதிலேயே ஒரு தகுதித் தேர்வு எழுதினால் உள்ளே போகலாம், நடுவில் நிறுத்தினாலும் அதுவரை முடித்த நிலைக்கு ஏற்பச் சான்றிதழோ டிப்ளமோவோ உண்டு. அதற்குக் கீழே, எங்களுக்குப் பக்கத்திலேயே தாம்பரத்தில் கிறித்துவக் கல்லூரி, 365 ஏக்கர், உள்ளே புள்ளிமான். “மானுக்காகவே சேரலாம்மா” என்றாள். நான் உடனே தலையாட்டிவிட்டேன். விண்ணப்பத் தேதிக்குப் பக்கத்தில் கேஸ் சிலிண்டர் பதிவு, சின்னவனுக்குத் தடுப்பூசி, மாவு அரைக்கும் நாள், எல்லாம் ஒரே கதவில். அரிசி எடுக்கப் போகிறவர்கள் எல்லாரும் அதைப் படித்துவிட்டுத்தான் வெளியே வருகிறோம். சில கல்லூரிகளில் இணைத்தகுதிச் சான்று கேட்பார்கள், முன்னாலேயே விசாரித்துக்கொள்ள வேண்டும். வீடு எப்போதும் இறைந்துதான் கிடக்கும். அவ்வளவுதான் குறை, மேலே போவோம்.

ஏனென்றால் தேர்வு நாளை இன்னும் சொல்லவில்லை! சித்திரை வெயில், மதியம் 2.30க்குக் கணக்குத் தேர்வு. நான் காலையிலிருந்து சாப்பிடவில்லை. அவள் தட்டு நிறைய எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டாள். ஹால் டிக்கெட்டை நான்கு பிரதி எடுத்து நான்கு பையில் வைத்திருந்தேன். தேர்வு மையத்து வாசலில் போய் இறங்கிப் பார்க்கிறேன், எனக்கு மூச்சே நின்றுவிட்டது. இத்தனை நாளும் நாங்கள் மட்டும் தனியாக ஏதோ செய்துகொண்டிருப்பதாக ஒரு நினைப்பு எனக்கு. அங்கே பார்த்தால் எத்தனை பேர், எத்தனை விதமான பேர்! காலில் மருதாணி அழியாத பரதநாட்டியப் பெண் ஒருத்தி சூத்திரங்களை முணுமுணுத்துக்கொண்டு நிற்கிறாள், முட்டியில் கட்டுப் போட்ட கால்பந்துப் பையன் ஒருவன் அவளிடம் சந்தேகம் கேட்கிறான், விரல் இடுக்கில் கிரீஸ் கறையோடு ஒரு மெக்கானிக் தம்பி பட்டறையிலிருந்து நேராக வந்து குழாயடியில் முகம் கழுவுகிறான், அதோ அந்த வேப்பமரத்தடியில் பாருங்கள், தலை நிறைய மல்லிகைப்பூ, ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும் ஒரு அம்மா, கையில் புத்தம் புதிய பேனா, எதிரில் அவருடைய வளர்ந்த மகன் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்று “பதறாம எழுதும்மா, தெரிஞ்சத முதல்ல எழுது” என்கிறான், அந்த அம்மா சின்னப் பிள்ளையாட்டம் தலையை ஆட்டுகிறார், மணி அடிக்கிறது, என் மகளும் அந்த அம்மாவும் ஒரே படியில் ஏறுகிறார்கள், மேல்படியில் அந்த அம்மா தடுமாற என் மகள் கையைப் பிடித்துக்கொள்கிறாள், எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வருகிறது, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினால் அந்த மகனும் கண்ணைத் துடைக்கிறான்! யாரென்றே தெரியாத இரண்டு பேர் நடுரோட்டில் நின்று அழுதுகொண்டே சிரித்தோம். மூன்று மணி நேரமும் நான் உட்காரவில்லை. 5.30க்கு மகள் வெளியே வந்து “கடைசிக் கணக்கு சூப்பரா இருந்துச்சும்மா!” என்றாள். மதிப்பெண் என்னவாக வந்திருந்தாலும் எனக்கு அன்றைக்கே நிறைந்துவிட்டது. நல்லபடியாகவே வந்தது, அது வேறு சந்தோஷம்.

இப்போது அக்டோபருக்காக 312ம் 313ம் ஓடிக்கொண்டிருக்கின்றன. மதிப்பீட்டுக்கான ஒப்படைப்புகளைக் கையால் எழுதி முடித்துவிட்டாள், எழுத்துத் தேர்வுப் பகுதி மதிப்பெண்ணில் 20 சதவீதம் அதற்கு. வெர்னியரை இப்போது 11 வயதுத் தம்பி பிடுங்கிக்கொண்டு வீட்டில் இருக்கிற துளையையெல்லாம் அளந்துகொண்டிருக்கிறான், ஜல்லிக்கரண்டி முதல் பாட்டியின் தோடு வரை. அவனுக்கு 14 ஆக இன்னும் எவ்வளவோ நாள் இருக்கிறது. இருந்தால் என்ன? பத்தாவதுக்கான பாடப் பட்டியலை நேற்றே அச்செடுத்து விட்டேன். 225 ஓவியம், 229 டேட்டா என்ட்ரி. ஸ்டோர் ரூம் கதவில் கீழ்ப்பக்கம் இன்னும் இடம் இருக்கிறது. ஒருநாள் வீட்டுக்கு வாருங்களேன், எல்லாவற்றையும் காட்டுகிறேன். சாப்பாட்டு நேரத்துக்கு வாருங்கள், குக்கர் வெயிட் கிடைத்திருந்தால் பருப்பும் வெந்திருக்கும்.