மெதுவாகப் பறக்கும் இறக்கை: ஒரு எண் போதுமா?

சேர்வராயன் மலையில் ஏற்காட்டை ஒட்டிய வாழவந்தியிலிருந்து வந்து படிக்கும் மாணவர் ஒருவர் என்னிடம் ஒரு படத்தைக் காட்டினார். வெளிநாட்டுச் சிறு விமானம் ஒன்று ஆற்றோர மணல் திட்டில் மெல்ல இறங்கி, சில அடி தூரம் உருண்டு நின்றுவிடுகிறது. இறக்கையின் முன்விளிம்பில் ஒரு தகட்டைப் பொருத்தினார்களாம். மேற்பரப்பில் வரிசையாகச் சிறு துடுப்புகளை ஒட்டினார்களாம். அதனால் விமானத்தின் குறைந்தபட்ச வேகம் பெரிதும் இறங்கிவிட்டதாம். "சார், இதை எங்க ஊர் மைதானத்துல இறக்க முடியாதா?" என்றார்.

வேடிக்கையான கேள்வி என்று தள்ளிவிட முடியாது. இரவில் நோயாளியை ஏற்றிக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேலத்துக்கு இறங்கவேண்டிய ஊர் அது. ஆகவே அந்தப் படத்தின் வாதத்தைச் சற்றுக் கறாராகவே பரிசீலிப்போம்.

விமானத்தைத் தாங்கும் ஏற்றவிசை எவற்றைப் பொறுத்தது? காற்றின் அடர்த்தி, வேகத்தின் இருமடி, இறக்கையின் பரப்பு, ஏற்றக்கெழு என்ற எண், இந்த நான்கின் பெருக்கலைப் பொறுத்தது. வேகம் குறையக் குறைய, விமானி மூக்கை உயர்த்தி, காற்றை இறக்கை சந்திக்கும் கோணத்தைக் கூட்டுகிறார், கெழு உயர்கிறது. சுமார் 15 பாகைக்கு மேல் காற்றோட்டம் இறக்கையின் முதுகைப் பற்றி நிற்காமல் பிய்த்துக்கொள்கிறது. கெழு சரிகிறது. விமானிகள் இதை 'ஸ்டால்' என்பார்கள். (மேற்பக்கத்துப் பாதை நீளமானது, ஆகவே அங்கே காற்று விரைகிறது என்று நாம் பள்ளியில் படித்த விளக்கத்தால் இந்த ஸ்டாலை விளக்கவே முடியாது. அந்த விளக்கமே தவறு. அதைப் பிறிதொரு சமயம் பார்க்கலாம்.)

முன்விளிம்புத் தகட்டின் வேலை இந்தப் பிய்தலைத் தள்ளிப்போடுவதுதான். தகட்டுக்கும் இறக்கைக்கும் இடையிலுள்ள பிளவு வழியே பாயும் காற்று, முதுகின் மேலுள்ள ஓட்டம் பிய்ந்துபோகாமல் காக்கிறது. இங்கிலாந்தின் ஹேண்ட்லி பேஜும் ஜெர்மனியின் லாக்மனும் இந்த யோசனையைத் தனித்தனியே கண்டடைந்து நூறாண்டுக்கு மேலாகிறது. 1936இல் முதன்முதலாகப் பறந்த ஜெர்மானிய 'ஸ்டார்க்' விமானம் இத்தகைய தகட்டால் புகழ் பெற்றது. பருந்து கிளையில் அமரும்போது இறக்கையின் முன்புறம் சிறு இறகுக் கொத்து ஒன்று விரிவதைக் கூர்ந்து பார்த்தால் காணலாம். அதற்கும் இதே வேலைதான். சிறு துடுப்புகள் வேறு விதம்: குட்டிச் சுழல்களை உண்டாக்கி, மேலேயுள்ள வேகமான காற்றைப் பரப்பின் அருகே இழுத்து வருகின்றன.

ஆக, கருவிகள் பொய்யல்ல. என் ஆட்சேபம் அவற்றைச் சோதித்த முறையின் மேல்தான்.

படத்தில் விமானி காட்டுவது என்ன? வேகமானியின் முள் எங்கோ கீழே கிடப்பதை. ஆனால் வேகமானி காற்றை ஒரு குழாய் வழியே எதிர்கொண்டு, அழுத்த வேறுபாட்டை அளக்கும் கருவி. மூக்கு நன்றாக உயர்ந்திருக்கும்போது அந்தக் குழாய் காற்றுக்கு நேராக இல்லாமல் சாய்ந்து நிற்கிறது. பக்கத் துவாரத்திலும் அழுத்தம் மாறிவிடுகிறது. உண்மை வேகத்தைவிட முள் குறைத்துக் காட்டக்கூடும். அதாவது, எந்த நிலையில் அளவு நமக்கு மிகவும் தேவையோ அந்த நிலையில்தான் கருவியை நம்ப முடியாது. அதோடு, எஞ்சின் முழுவேகத்தில் ஓடினால் விமானத்தின் எடையில் ஒரு பங்கைச் சுழலியே தூக்குகிறது. அந்தப் பெருமையையும் தகட்டின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். மாற்றத்துக்கு முன் நிறைந்த தொட்டி, பின்பு பாதித் தொட்டி என்றால் எடையும் ஒன்றல்ல.

முறையான சோதனை சலிப்பூட்டுவது. போதிய உயரத்துக்கு ஏறவேண்டும். எடையும் எடைமையமும் குறித்து வைத்தவையாக இருக்கவேண்டும். எஞ்சினை அடக்கி, நொடிக்கு ஒரு நாட், அதாவது மணிக்குச் சுமார் 2 கிலோமீட்டர் வீதம் வேகத்தைக் குறைத்து ஸ்டாலுக்குப் போகவேண்டும். வேகமானியின் பிழையை அறிய, பல திசைகளில் பறந்து செயற்கைக்கோள் காட்டும் தரைவேகத்தோடு ஒப்பிடவேண்டும். இறக்கையில் கம்பளி நூல் துண்டுகளை ஒட்டிவிட்டால், ஓட்டம் பிய்கிற இடத்தில் அவை துடிப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பிறகு துடுப்புகளைக் கழற்றிவிட்டு மறுபடியும் எல்லாவற்றையும் செய்யவேண்டும். முன்பு பணிவாக மூக்கைத் தாழ்த்திய விமானம், மாற்றத்துக்குப் பின் திடீரென ஒரு பக்கம் சாய்ந்து விழுகிறதா என்பதே இதில் முக்கியமான கேள்வி. தரையிலிருந்து ஐம்பது அடி உயரத்தில் அந்தப் பதிலைத் தெரிந்துகொள்ளக் கூடாது.

இனி வாழவந்திக்கு வருவோம். ஒரு சிறு விமானம் கடல்மட்டத்தில் மணிக்கு 80 கிலோமீட்டரில் ஸ்டால் ஆகிறது என்று கொள்வோம். மாற்றம் நன்றாகவே வேலை செய்து ஏற்றக்கெழுவை 20 சதவீதம் உயர்த்திவிட்டது என்றும் கொள்வோம். வேகம் இருமடியில் இருப்பதால் பலன் 20 சதவீதமல்ல. சுமார் 9 சதவீதந்தான். 80 என்பது 73 ஆகிறது. இப்போது அதே விமானத்தை மலைக்குக் கொண்டுவாருங்கள். ஏற்காட்டை ஒட்டி உயரத்தைச் சுமார் 1,500 மீட்டர் என்று வைத்து, 25 பாகை வெப்பமுள்ள ஒரு பகலை எடுத்துக்கொண்டால், காற்றின் அடர்த்தி கடல்மட்டத் தர அளவில் 81 சதவீதம் மட்டுமே. 73 என்பது 81 ஆகிவிடுகிறது! தகடு சம்பாதித்ததை மலை அப்படியே எடுத்துக்கொண்டது. வேகமானியின் முள் மட்டும் பழைய 73ஐயே காட்டும். ஏனெனில் அதுவும் அடர்த்தியைச் சேர்த்தே அளக்கிறது. ஆனால் நிறுத்தவேண்டிய ஆற்றல் தரைவேகத்தின் இருமடியைப் பொறுத்தது. அது 23 சதவீதம் கூடிவிட்டது. சாதாரண எஞ்சினும் இந்த உயரத்தில் தன் திறனில் ஒரு பகுதியை இழக்கிறது. மெதுவாகப் பறக்கும்போது இழுவை கூடுவதால் அந்தத் திறன் அப்போதுதான் தேவை. இறங்கிய விமானம் திரும்ப ஏறவும் வேண்டுமல்லவா?

நம் நாட்டிலேயே இதற்கு நல்ல பாடம் ஒன்று நடந்தது. பெங்களூர் தேசிய விண்வெளி ஆய்வகங்கள் உருவாக்கிய இரண்டு இருக்கை 'ஹன்சா' பயிற்சி விமானத்தின் புதிய வடிவம், 2022 பிப்ரவரி 19ஆம் தேதி பெங்களூரிலிருந்து புதுச்சேரிக்குப் பறந்தது. அங்கே கடல்மட்டச் சோதனைகளை முடித்து, 18 மணி நேரப் பறத்தலுக்குப் பின் மார்ச் 5ஆம் தேதி திரும்பியது. 'சோதனை வெற்றி' என்று செய்தி வந்தது. பெங்களூரில் இல்லாத எது புதுச்சேரியில் இருக்கிறது என்பதை நான் படித்த செய்திகள் சொல்லவில்லை. பெங்களூர் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே எடுத்த எண்கள் அந்தக் காற்றுக்குரியவை. அவற்றைச் சரிபார்க்கத்தான் அடர்ந்த காற்றைத் தேடிக் கடற்கரைக்குப் போனார்கள். இந்த ஒரு வரியை எழுதியிருந்தால் மாணவருக்கு எவ்வளவு பயன்பட்டிருக்கும்!

இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டு முடித்ததும் மாணவர் விடவில்லை. "அப்படின்னா படத்துல எப்படி சார் சட்டுனு நிக்குது?" என்றார். எதிர்க்காற்றைக் கணக்கில் சேர்க்கச் சொன்னேன். மணிக்கு 20 கிலோமீட்டர் எதிர்க்காற்று இருந்தால் தரைவேகம் 81இலிருந்து 61 ஆகிறது. நிறுத்தவேண்டிய ஆற்றல் 57 சதவீதமாகச் சுருங்குகிறது. தகடும் துடுப்பும் சேர்ந்து தந்ததைவிட இது பெரிது. அதற்குச் செலவும் இல்லை.

அவர் படத்தை மறுபடி ஓடவிட்டார். மணல் திட்டின் ஓரத்துப் புல் முழுவதும், விமானம் வந்த திசைக்கு எதிராகச் சாய்ந்து படுத்திருந்தது.