பெரும்பாடு

‘பெரும்பாடு’ என்ற சொல்லை இன்று மருந்துச்சீட்டில் காண முடியாது. மாதவிடாயில் அளவுக்கு மீறி உதிரம் போவதற்குப் பழைய தமிழ் மருத்துவம் வைத்த பெயர் அது. எங்கள் எர்ணாவூரில் அது தேவாலயத்தில்தான் காதில் விழுகிறது. இயேசுவின் ஆடையைத் தொட்டுக் குணமான பெண்ணுக்கு 12 ஆண்டுகளாக இருந்த நோயைப் பழைய தமிழ் வேதாகமம் அப்படித்தான் சொல்கிறது. கேட்கும் பெண்கள் பலர் அதை ‘பெரிய கஷ்டம்’ என்றே எடுத்துக்கொள்கிறார்கள். அது சரியான வாசிப்பு என்பதே என் வாதம்.

‘பெறு’ நீண்டு ‘பேறு’ ஆவதுபோல, ‘படு’ நீண்டு ‘பாடு’. பேற்றுக்கு வளைகாப்பு உண்டு. பெரும்பாட்டுக்குப் பழந்துணியும் மௌனமும்தான். துன்பம் பாடு, உழைப்பு பாடு, வலையில் படுவது மீன்பாடு. சிலுவையில் கிறிஸ்து பட்டதும் ‘பாடுகள்’. தவக்காலம் முழுக்க ஓர் ஆணின் இரத்தத்தை உரக்கப் பேசும் சபையில், பெண்ணின் பாடு மட்டும் பொருள் விளங்காமல் கடந்துபோகிறது.

மற்ற பெயர்களைப் பாருங்கள். ‘சூதகம்’ பிறப்புத் தீட்டைக் குறித்த வடசொல். தமிழில் மாதவிடாய்க்கும் பெயரானது. விலகி நிற்பவரின் சொல் அது. ‘மெனோரேஜியா’வின் கிரேக்க வேர்கள் மாதத்தையும் வெடித்துப் பாய்வதையும் குறிப்பவை. அதில் இரத்தம் இருக்கிறது, பெண் இல்லை. பெரும்பாடு ஒன்றுதான் படுகிறவள் பக்கம் நிற்கிறது.

மருத்துவம் வெகுகாலம் 80 மில்லிலிட்டரை எல்லையாக வைத்திருந்தது. 2007இல் பிரிட்டனின் ‘நைஸ்’ வழிகாட்டுதல், பெண்ணின் உடல், மன, சமூக, பொருளாதார வாழ்வைக் குலைக்கும் போக்கே அதிகப்போக்கு என்றது. ‘மெனோரேஜியா’வைக் கைவிடும்படி சர்வதேச மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பும் பரிந்துரைத்தது. அளவை விட்டு அவள் பாட்டைக் கேட்கத் தொடங்கினார்கள்.

தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை என்கிறது 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு. விடியுமுன் காசிமேட்டில் மீன் எடுத்துக் கூடை சுமப்பவளிடம் “எவ்வளவு போகுது?” என்றால், “எல்லாருக்கும் போறதுதானே” என்பாள். “அந்த நாள்ல வேலைக்குப் போக முடியுதா? படியேறினா மூச்சு வாங்குதா?” என்று கேட்டால்தான் நோய் வெளியே வரும்.

‘பொம்பளைன்னா பாடுதான்’ என்று இதே சொல்லால் நம் வாயை அடைக்கவும் முடியும். ஆனால் மாற்கு காட்டும் பெண் அதை விதியென்று ஏற்கவில்லை. பல வைத்தியர்களிடம் அலைந்தாள், கையிலிருந்ததையெல்லாம் செலவழித்தாள், தீட்டு என்று ஒதுக்கப்பட்ட உடலோடு கூட்டத்துக்குள் நுழைந்தாள். சொல்லை மீட்கும்போது அந்தப் பிடிவாதத்தையும் சேர்த்தே மீட்க வேண்டும்.