பாண்டியன் கேளாத ஊழ்

மயிலாப்பூரை அடுத்த மெரினாவில் 1968இல் நிறுவப்பெற்ற கண்ணகி சிலை சிலம்பேந்தி நிற்கிறது. எம் சிந்தையோ அச்சிலம்பின் முன் வீழ்ந்த பாண்டியன்பாற் செல்கிறது.

வினை முதிர்ந்த வேளையில் மன்னன் கோவலனைக் கொல்லப் பணித்தான் என இளங்கோ நமக்கு உரைக்கிறார், மன்னனுக்கு உரைத்தாரல்லர். முற்பிறப்புக் கதையை மதுராபதித் தெய்வம் கூறுவதும் அவன் மாண்ட பின்னரே, கண்ணகியிடமே. ஊழைக் காட்டித் தப்ப வழியின்றி, ஆராயாத் தீர்ப்பைத் தன் குற்றமென்றே ஏற்று மாய்ந்தான். கிரேக்கப் புலவர் சோபக்ளீசின் ஈடிபசோ தேவவாக்கை முன்னரே அறிந்தவன். அவனும் துயரம் அப்பல்லோ தந்தது, கண்களைக் குத்தியது தன் கை என்றே கூறினான்.

மறுபிறப்பு நமக்கு உடன்பாடன்று. எனினும், செயலைப் படைப்பவன் அல்லாஹ், அதனை ஈட்டுபவன் அடியான் என்னும் இமாம் அஷ்அரீயின் 'கஸ்பு'க் கொள்கை பயின்றோர்க்குப் பாண்டியன் அந்நியனல்லன். மதுரை எரிந்ததற்கு மட்டும் காப்பியம் பழைய வாக்கொன்றைக் காட்டி அமைவது எமக்கு நிறைவளிக்கவில்லை.